ஒன்றும் ஆகாதவர்கள் எழுதும் வரலாறு

எழுபதுகளில் குழந்தைகளாக இருந்தவர்களுக்கு இன்று ஐம்பதைத் தாண்டிய வயது. பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், மற்றவர்கள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சு. பழைய மாணவர் சந்திப்பிலும் கல்யாணப் பந்தியிலும் அதுதான். குடும்ப வாட்ஸப் குழுவில் விடிந்ததும் வந்து விழுவதும் அதுதான்: ‘வாழ்க்கையை வாழ்ந்த கடைசித் தலைமுறை நாங்கள்.’

இந்தக் கட்சியை அதன் முழுப் பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். அரைகுறையாகச் சொல்லி மறுப்பது சுலபம், பயன் இல்லை.

எழுபதுகளில் பிள்ளைகள் சுதந்திரமாக வளர்ந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டால் தெரு, தெருவில் பம்பரம், கோலி, கிட்டிப்புள், இருட்டினால்தான் வீடு. தெருக்குழாயிலும் வாய்க்காலிலும் தண்ணீர் குடித்தார்கள், நோய் வரவில்லை. செருப்பில்லாமல் நடந்தார்கள், ஒன்றும் குறையவில்லை. வாத்தியார் அடித்தார், அடி வாங்கியவன் கலெக்டர் ஆனான். பிள்ளை எத்தனாம் வகுப்பு என்பதே அப்பாவுக்குத் தெரியாது, ஆனாலும் பிள்ளை படித்தது. கம்பும் கேழ்வரகும் தின்று உடம்பு உரமேறியது. தெருவே ஒரு குடும்பமாக இருந்தது, எந்த வீட்டுப் பிள்ளையும் எந்த வீட்டிலும் சாப்பிட்டது. இன்றைய பிள்ளைக்கு இதில் எதுவும் இல்லை. கையில் கைபேசி, முதுகில் பொதி, பன்னிரண்டு வயதில் மன அழுத்தம்.

இதில் ஒரு பங்கு உண்மை. அதற்குக் கடைசியில் வருகிறேன். மற்றதெல்லாம் தவறு, அதுவும் சும்மா கிடக்கிற தவறு அல்ல, ஆட்களைக் காயப்படுத்துகிற தவறு. நானும் அந்தப் பத்தாண்டில் வளர்ந்தவள்தான், கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் ஊரில். ஆகவே ‘உனக்கு என்ன தெரியும்’ என்று தொடங்க வேண்டாம்.

1. ‘எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்வது யார்? ஒன்றும் ஆகாதவர். ஏதாவது ஆனவர் பழைய மாணவர் சந்திப்புக்கு வரமாட்டார்.

1971இல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. ஒன்பதில் ஒன்று. இந்தியா முழுமைக்கும் எடுத்தால் கணக்கு இன்னும் மோசம், ஆயிரத்துக்கு 129. 2020இல் தமிழ்நாட்டில் அது 13 ஆகியிருந்தது. அந்த நாளில் அம்மாக்களிடம் ‘எத்தனை பிள்ளைகள்’ என்று கேட்டால், ‘பெத்தது ஏழு, நிக்கிறது நாலு’ என்று பதில் வரும். சொல்லும்போது குரல்கூட மாறாது, அவ்வளவு சாதாரணம். நிற்கிற நாலில் ஒருவர்தான் இன்று ‘எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று எழுதுகிறார். நிற்காத மூன்று பேரிடம் கேட்க முடிந்திருந்தால் வேறு செய்தி வந்திருக்கும்.

இது உணர்ச்சிப் பேச்சு அல்ல, தர்க்கம். போரிலிருந்து திரும்பி வந்த சிப்பாய்களை மட்டும் நிறுத்திவைத்துக் கேட்டால், போரில் யாரும் சாவதில்லை என்றுதான் முடிவுக்கு வரவேண்டியிருக்கும்.

2. தண்ணீர். ‘கிடைத்த தண்ணீரைக் குடித்தோம்’ என்ற பெருமையைத்தான் என்னால் துளிகூடத் தாங்க முடிவதில்லை. எங்கள் பக்கத்தில் குடிதண்ணீர் என்றால் ஊருணி, அல்லது படி இறங்கி மொள்ளும் கிணறு. நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்ததை இந்தக் கடைசித் தலைமுறை எப்படியோ மறந்துவிட்டது. தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியோடு புழுவின் குஞ்சும் வயிற்றுக்குள் போகும். ஏறக்குறைய ஒரு வருஷம் உடம்புக்குள்ளேயே வளரும். பிறகு காலில் கொப்புளம் கட்டி, உடைந்து, வெள்ளை நூல்போலத் தலையை நீட்டும். பிடித்து இழுத்தால் அறுந்து புண் சீழ் பிடிக்கும். அதனால் ஒரு ஈர்க்குச்சியில் சுற்றி, தினமும் ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று வாரக்கணக்கில் வெளியே எடுப்பார்கள். அதுவரை அந்தப் பிள்ளை திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் நனைக்கும், நனைத்த இடத்தில் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சு விடும், அடுத்த வருஷம் அடுத்த வீட்டுக்கு. எண்பதுகளில் அரசு ஊர் ஊராகப் போய்ப் படிக்கிணறுகளுக்குச் சுவர் எழுப்பி, மருந்து போட்டு, தண்ணீரை வடிகட்டக் கற்றுக்கொடுத்து இதை ஒழித்தது. பழைய தண்ணீரின் சுத்தம் ஒழிக்கவில்லை.

வயிற்றுப்போக்கு இன்னும் கொடுமை. உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த தண்ணீர் உயிரைக் காப்பாற்றும் என்பதை 1971இலேயே வங்காள எல்லையில், பொங்காவ் அகதி முகாமில், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் நடைமுறையில் காட்டிவிட்டார். அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்துசேரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அதுவரை, ‘பேதியாகிற பிள்ளைக்குத் தண்ணி குடுக்காதே, இன்னும் போகும்’ என்பதுதான் வைத்தியம். நாக்கு வறண்டு அழுத பிள்ளையிடமிருந்து பாசத்தோடு தம்ளரைப் பிடுங்கினார்கள்.

தடுப்பூசி எதிர்ப்பாளர்களும் இந்தப் பழைய நினைவைத்தான் கையில் எடுக்கிறார்கள். ‘அப்போ என்ன ஊசி போட்டோம்?’ ஐயா, சட்டைக் கையைக் கொஞ்சம் மடக்குங்கள். தோளுக்குக் கீழே வட்டமாகக் குழிந்த தழும்பு இருக்கிறதா? அது அம்மை குத்திய தழும்பு. அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றதும் நாம் வைக்கோற்படப்புக்குள் ஒளிந்தோம். பள்ளிக்கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பிடித்துக் குத்தினார்கள். குத்தியதால்தான் 1974இல் பீகாரில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோன பெரியம்மை 1975 மே மாதத்தோடு இந்தியாவில் அடங்கியது. கக்குவான், தொண்டை அடைப்பான், ரண ஜன்னிக்கு எதிரான ஊசியை எல்லாக் குழந்தைகளுக்கும் கொண்டுபோகும் தேசியத் திட்டம் 1978இல்தான் தொடங்கியது. தட்டம்மை ஊசி அதில் சேர 1985 ஆயிற்று. அதற்கு முன் வாசலில் வேப்பிலை செருகி, ‘ஆத்தா வந்திருக்கா’ என்று ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. நம் வகுப்பில் காலை இழுத்து நடந்த ஒருவனாவது இருந்தான். அவனுக்கு இளம்பிள்ளை வாதம். ‘நொண்டி’ என்றுதான் கூப்பிட்டோம். நாம் பாராட்டிக்கொள்ளும் அந்த வெகுளியான குழந்தைப் பருவத்தில் அதுவும் சேர்த்தி.

3. செருப்பு. வெறுங்காலில் நடப்பவனின் பாதத் தோல் வழியாகத்தான் கொக்கிப்புழு உள்ளே போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. ‘அப்போதெல்லாம் பிள்ளைகள் ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருந்தார்கள்’ என்கிறீர்களே, அந்த ஒல்லியில் பாதி சோகை.

அது உடம்புக் கணக்கு. இன்னொரு கணக்கும் உண்டு. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க அனுமதிக்கப்படாத பிள்ளைகள் இருந்தார்கள். வைத்திருந்த ஒற்றைச் செருப்பு ஜோடியையும் ஊர் எல்லையில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர்கள். டீக்கடையில் கொட்டாங்கச்சியிலோ தனிக் குவளையிலோ வாங்கிக் குடித்துக் கழுவி வைத்தவர்கள். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955லேயே வந்து, 1976இல் இன்னும் கடுமையாக்கப்பட்டது. கடுமையாக்க வேண்டியிருந்தது என்பதிலேயே எழுபதுகளின் நிலவரம் இருக்கிறது. வெறுங்காலை விளையாட்டாக நினைக்கிறவருக்கும் வெறுங்கால் விதிக்கப்பட்டவருக்கும் ஒரே பொற்காலம் இருந்திருக்க முடியாது. ‘எந்த வீட்டுப் பிள்ளையும் எந்த வீட்டிலும் சாப்பிட்டது’ என்பவர், எந்தத் தெருவுக்குள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். காலனிப் பிள்ளை உங்கள் அடுப்படி வரை வந்ததா?

4. தெரு யாருடையது? இருட்டும்வரை விளையாடிய கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் பம்பரம் விட்ட அதே நேரத்தில் அக்கா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டுப் பாருங்கள், யோசிப்பார்கள். அக்கா தெருக்குழாயில் குடத்தை வரிசை போட்டுவிட்டுக் காத்திருந்தாள். மண்ணெண்ணெய் வண்டி வரும் என்று டின்னை வைத்துவிட்டு நின்றாள். இடுப்பில் தம்பி. அடுப்பில் ஈர விறகு, ஊதாங்குழல், கண்ணெல்லாம் புகை. வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது, தெருவும் நின்றது. 1971 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெண்ணின் திருமண வயதைச் சட்டம் 15இலிருந்து 18 ஆக உயர்த்தியது 1978இல். அதுவரை பதினைந்து வயதுக் கல்யாணம் முழுக்கச் சட்டப்படியானது. இது என் அக்காக்களின் காலம். அவர்கள் யாரும் ‘வாழ்க்கையை வாழ்ந்த கடைசித் தலைமுறை’ என்று செய்தி அனுப்பி நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் இன்னொரு குழந்தைப் பருவமும் இருந்தது. விடியும் முன்னே, மூன்றரை நாலு மணிக்கு, தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். ஆபீஸ் என்று பெயர்தான் பெருமையாக இருக்கும், உள்ளே தகரக் கூரை, கந்தக நெடி. தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தூக்குவாளியோடு சேர்த்து ஏற்றிவிடுவார்கள். சட்டத்தில் குச்சி அடுக்குவார்கள், பெட்டி ஒட்டுவார்கள். கூலி மணிக் கணக்கு இல்லை, அடுக்கிய கணக்கு. ஆகவே எட்டு வயது விரல்கள் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓடின. பொழுது சாய்ந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவார்கள். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத்தில் இது ரகசியம் ஒன்றும் இல்லை. ‘குட்டி ஜப்பான்’ என்று பாராட்டப்பட்ட சுறுசுறுப்புக்கு அடியில் இதுவும் இருந்தது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல்தான் வந்தது. அந்தப் பிள்ளைகளும் எழுபதுகளில்தான் வளர்ந்தார்கள். அவர்களுக்கும் டியூஷன் இல்லை, முதுகில் புத்தக மூட்டை இல்லை, தேர்வு பயம் இல்லை.

5. அடி. ‘கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிடுங்க சார்’ என்று அப்பா வாத்தியாரிடம் ஒப்படைத்ததைச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். சிரிப்பவர்கள் படித்து முடித்தவர்கள். அடிக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டே போனவன் ஆடு மேய்த்தான், மெக்கானிக் கடையில் எடுபிடி ஆனான். அவனுடைய கருத்தை யாரும் கேட்பதில்லை. அடி வாங்கியவன் கலெக்டர் ஆனான் என்றால், அதே வகுப்பில் அடி வாங்கிய மற்ற முப்பத்தொன்பது பேரும் ஏன் ஆகவில்லை? அவர்களுக்கு விழுந்ததும் அதே பிரம்புதானே?

அடிப்பதைத் தடை செய்த 2009 கல்வி உரிமைச் சட்டம்தான் பிள்ளைகளைக் கெடுத்தது என்பவர்களுக்கு இன்னொரு கேள்வி. இன்றைய பிள்ளைகள் செல்லம் கொடுத்துக் கெடுக்கப்பட்டவர்கள் என்று வைத்துக்கொள்வோம். கெடுத்தது யார்? அவர்களை வளர்த்தவர்கள் நீங்களும் உங்கள் பிள்ளைகளும்தான். பிரம்பு உருவாக்கிய அந்த உயர்ந்த மனிதர்களின் முதல் சாதனையே பிள்ளை வளர்க்கத் தெரியாமல் போனது என்றால், பிரம்புக்கு வக்காலத்து வாங்குவது எப்படிப் பொருந்தும்? ஒன்று, இன்றைய பிள்ளைகள் கெட்டுப்போகவில்லை. இல்லாவிட்டால், உங்களை வளர்த்த முறையில் கோளாறு. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற வழியில்லை.

‘அப்போது குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இருந்தது’ என்பதையும் இதோடு முடித்துவிடுகிறேன். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கென்று போக்சோ சட்டம் வந்தது 2012இல். அதற்கு முன் குற்றம் நடக்கவில்லையா? சொல்ல இடமில்லை. சொன்ன பிள்ளைக்குத்தான் வாயில் சூடு. ‘அந்த மாமா வீட்டுக்கு மட்டும் தனியாப் போகாதே’ என்று காரணம் சொல்லாமல் எச்சரிக்கப்பட்ட பெண்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். புகார் பதிவேடு வெறுமையாக இருந்ததை ஊரின் யோக்கியதைக்குச் சான்றாகக் காட்டுவது வேடிக்கை.

6. சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. ‘அன்று எல்லாம் இயற்கை உணவு’ என்பது கணக்குத் தெரியாத பேச்சு. ஐ.ஆர். 8, ஆடுதுறை 27 என்று புது ரக நெல்லும் யூரியாவும் வயலுக்கு வந்துவிட்டிருந்த காலம் அது. பூச்சி மருந்தாக டி.டி.டி.யும் பி.எச்.சி. தூளும் வீட்டுப் பரணிலேயே இருந்தன, அதே கையால்தான் சோறு பிசைந்தோம். பள்ளியில் மதியம் போட்ட உப்புமா, ‘கேர்’ நிறுவனத்தின் வழியாக அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை ரவை. அதுவும் எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கவில்லை. கம்பும் கேழ்வரகும் சத்தானவைதான், மறுப்பே இல்லை. ஆனால் நாம் அதைச் சத்துக்காகத் தின்னவில்லை, அரிசி வாங்க வக்கில்லாமல் தின்றோம். நெல்லுச்சோறு என்ற பேச்சைக் கேட்டாலே பிள்ளைகள் துள்ளின. தீபாவளிக்குத் தீபாவளி இட்லி. வசதி வந்த மறுநாளே கம்பை விட்டுவிட்டு அரிசிக்கு ஓடியவர்களும் நாமேதான். இன்று அதே கம்பு பளபளக்கும் பையில் நாலு மடங்கு விலையில் வருகிறது, அதை வாங்கிக்கொண்டு ‘எங்க காலத்துல’ என்று தொடங்குகிறோம்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரித்தபோது பிள்ளைகள் தட்டோடு வந்து நின்றார்கள். எழுபதுகளில் வயிறு நிரம்பியிருந்தால் 1982இல் அந்த வரிசை எங்கிருந்து வந்தது?

இங்கேதான் இந்த ஏக்கத்தின் விஷம் இருக்கிறது. தனிப்பட்ட ஞாபகமாக மட்டும் இருந்தால் நான் ஏன் குறுக்கே வரப்போகிறேன்? அது கொள்கையாகிறது. ‘நாங்க பட்டினியோட படிக்கலையா, காலைச் சிற்றுண்டி எதுக்கு?’ ‘நாங்க வெறுங்காலோட நடக்கலையா, இலவசச் செருப்பு எதுக்கு?’ ‘நாலு மைல் நடந்து போனோம், இவங்களுக்கு சைக்கிளா?’ 2022இல் அரசுப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியபோது படித்தவர்கள், ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வாயிலிருந்து இதே வாக்கியங்களைக் கேட்டேன். தான் பட்டது அடுத்தவன் படக்கூடாது என்று நினைப்பது ஒரு வழி. தான் பட்டதையே தகுதிச் சான்றாக்கி, அதை எல்லாரும் பட்டே தீரவேண்டும் என்பது இன்னொரு வழி. இந்தப் பொற்காலக் கதை இரண்டாவது வழிக்குத்தான் ஆள் சேர்க்கிறது.

7. கடைசியாக, ஒப்புக்கொள்வதாகச் சொன்ன அந்த உண்மை. விளையாட இடம் இருந்தது. பெரியவர் மேற்பார்வை இல்லாமல், ஏழு வயதும் பதினாலு வயதும் கலந்து, தாங்களே விதி வகுத்து, தாங்களே சண்டை தீர்த்துக்கொண்ட விளையாட்டு அது. வண்டிகள் குறைவு, பொழுது மிகுதி. பையன்களுக்கு மட்டுமே கிடைத்தாலும் அது நல்ல விஷயம். இன்று பையன்களுக்கும் கிடைக்கவில்லை, பெண்களுக்கும் கிடைக்கவில்லை. இந்த இழப்பு நிஜமானது.

ஆனால் பறித்தது யார்? கைபேசியா? கைபேசி வருவதற்கு முன்பே ஊர்ப் பொட்டலில் கல் நட்டு மனை பிரித்தாயிற்று. சென்னையில் வள்ளுவர் கோட்டம் எழும்பி நிற்பது பழைய நுங்கம்பாக்கம் ஏரியின் மடியில், அது திறக்கப்பட்டது 1976இல். நாம் ஏங்குகிற அதே எழுபதுகள். பிறகு நம் முறை வந்தது. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வேலை கிடைத்து, சீட்டுப் பிடித்து, கடன் வாங்கி, ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம்’ என்ற விளம்பரத்தை நம்பிக் கண்மாய்க் கரையிலும் களத்துமேட்டிலும் மனை வாங்கியவர்கள் யார்? பத்து வயதில் பந்து விளையாடிய இடத்தை முப்பத்தைந்து வயதில் பத்திரம் பதிந்துகொண்டு, அறுபது வயதில் ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் வெளியே வருவதே இல்லை’ என்கிறோம். வந்தால் எங்கே நிற்பார்கள்?

இன்றும் செய்யக்கூடியது இருக்கிறது. அரசுப் பள்ளி மைதானங்கள் சாயங்காலம் பூட்டிக் கிடக்கின்றன. வார்டு கவுன்சிலரிடம் போய் அவற்றைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம். நகராட்சிப் பூங்காவில் நடைபாதையை விட்டு மற்ற இடத்தைப் பிள்ளைகளுக்கு விடச் சொல்லலாம். அதுவும் முடியாவிட்டால் நம் அடுக்குமாடி வாசலிலேயே தொடங்கலாம். ‘பந்து விளையாடத் தடை, மீறினால் அபராதம்’ என்று அங்கே ஒரு பலகை இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டிருக்கும் சங்கச் செயலாளரின் வயதை விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் நம்முடைய ஆள்தான், கிட்டிப்புள் ஆடிய கதையை நேற்றுத்தான் குழுவில் போட்டிருப்பார். அடுத்த பொதுக்குழுவில் அந்தப் பலகையை அகற்ற அவரே தீர்மானம் கொண்டு வரட்டும், இந்த ஏழாவது மறுப்பை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முதல் ஆறும் அப்படியே இருக்கும்.